எதிர்ப்பக்கத்துத் தாய்வீடு

எங்கள் சந்தில் இரண்டு பக்கமும் வீடுகள். நடுவில் ஒரு ஆட்டோ போகும் அளவுக்கு வழி. என் வாசலில் நின்று நான் இருமினால் எதிர்வீட்டு அக்கா தன் அடுப்படியிலிருந்தே, "இன்னாடி, இன்னும் கசாயம் வைக்கலயா?" என்று கேட்பார். அவ்வளவு கிட்டத்தில் இருக்கிறோம். ஆனால் அக்காவின் வீடு திருவொற்றியூர், சென்னை 19. என் வீடு எண்ணூர், சென்னை 57.

யார் இப்படிப் பிரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கல்யாணமாகி நான் இங்கே வந்தபோதே அப்படித்தான் இருந்தது. அந்தக் காலத்தில் எங்களுக்கு மாவட்டம் செங்கல்பட்டு. பிறகு திருவள்ளூர் என்றார்கள். இப்போது சென்னை. சுவரில் ஒரு செங்கல்கூட நகராமல் மூன்று மாவட்டத்தில் குடியிருந்துவிட்டேன். இந்தப் பின்கோடு மட்டும் மாறவில்லை. வார்டும் அதே கோட்டில்தான் பிரிகிறது. குப்பை வண்டி இரண்டு வரும். பெருக்குகிற பெண்கள் ஆளுக்குப் பாதிச் சந்தைப் பெருக்குவார்கள். நடுவில் ஒரு கோடு மாதிரி மணல் எப்போதும் கிடக்கும். நாய் பிடிக்கிற வண்டி வந்தால் எங்கள் பக்கத்து நாய்கள் அக்கா வீட்டுப் பக்கம் போய் நின்றுகொள்ளும். அதுகளுக்குத் தெரிந்த எல்லை எனக்குப் புரியப் பல வருஷம் ஆனது.

இரண்டு பக்கமும் கதவு எண்களைச் சந்து முனையிலிருந்தே போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதனால் எதிரெதிர் வீடுகளுக்கு ஒரே எண். என் வீட்டு எண்ணும் அக்கா வீட்டு எண்ணும் ஒன்று. ஊர்ப்பெயரும் பின்கோடும்தான் வேறு.

இதில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரும் எண்ணூர் 57 என்று எழுத மாட்டோம். எல்லாவற்றிலும் திருவொற்றியூர், 19 என்றே எழுதுவோம். யாரும் கூடிப்பேசி முடிவு செய்ததில்லை. நான் வருவதற்கு முன்பே இருந்த பழக்கம். எண்ணூர் என்று சொன்னால் வெளியாட்கள் முகம் ஒரு மாதிரி ஆகும். "அங்கயா? சாம்பல் பறக்குமே, கேஸ் நாத்தம் வருமே" என்பார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் பாதி வழியில் திரும்பிய கதைகூட எங்கள் பக்கத்தில் உண்டு. திருவொற்றியூர் என்றால், "கோயில் கிட்டயா?" என்று கேட்டு முகம் மலர்ந்துவிடும். எனக்கு இயல்பிலேயே வாய் வராது. நாலு பேரிடம் நின்று விளக்குவதைவிட இரண்டு எண்ணை மாற்றி எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

அதனால் எங்கள் வீட்டுத் தபால் எல்லாம் அக்கா வீட்டுக்குத்தான் போகும். தபால்காரர் முதலில் கோபப்பட்டார். "இன்னாம்மா நீங்க, எழுதுறது அங்க, குந்துறது இங்க. நான் எங்கன்னு குடுக்கறது?" என்றார். அக்காதான் அவருக்குப் பதில் சொன்னார். "நீ இங்க போட்டுட்டுப் போ நைனா. அவளுக்கு லெட்டர் போடறதுக்கு யாரு கீறா, எல்லாம் பேங்குக்காரன்தான்." அன்றிலிருந்து அக்கா வீட்டு ஜன்னல் எங்களுக்குத் தபால் பெட்டி.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்து இறந்துபோனார். முன்னறையில் இரண்டு கிரைண்டர் வைத்து மாவு அரைத்து விற்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிற நேரம் தவிர கிரைண்டர் நிற்காது. அந்தச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியதால் அவர் குரல் எப்போதும் சந்து முழுக்கக் கேட்கும். நான் பேசாமல் விட்டதையெல்லாம் எனக்காக அவரே பேசிவிடுவார் என்று எனக்கு ஒரு தைரியம்.

என் மகளைக் கட்டிக்கொடுத்தது மணலி புதுநகரில். அவள் கர்ப்பமானபோது அங்கே இருக்கிற சுகாதார நர்சிடம் பதிந்து அட்டை வாங்கினாள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அவளைத் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். கிளம்புவதற்கு முன் அந்த ஊர் நர்ஸ் அவளுக்குப் பிரஷர் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பொண்ணுக்குப் பிரஷர் ஏறிக்கிட்டு வருது. வாரா வாரம் பார்க்கணும். கால் வீங்கினா, தலை வலிச்சா, கண்ணு மங்கினா சும்மா விடக் கூடாது. வலிப்பு வந்துடும்மா, தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. உங்க ஏரியா நர்சுக்கு நான் தகவல் குடுத்துடறேன், வீட்டுக்கே வந்து பார்ப்பாங்க" என்றார். அட்ரஸ் கேட்டார். மகள் சொன்னாள். பள்ளிக்கூடத்திலிருந்து எப்படி எழுதிப் பழகினாளோ அப்படியே, கதவு எண், சந்துப் பெயர், திருவொற்றியூர், 19. நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் தப்பாகத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் நர்ஸ் வந்தார். அக்கா வீட்டுக்கு.

சின்ன வயசுப் பெண். தோளில் பை, கையில் அரசாங்கம் கொடுத்த, பெரிய போன் மாதிரி ஒரு டேப். வாசலில் நின்று கதவு எண்ணைப் பார்த்து, "இங்க கர்ப்பிணி யாரும்மா?" என்று கேட்டார். அக்கா மாவுக் கையோடு வெளியே வந்தார்.

"ஏன், என்னைப் பாத்தா தெரியலயா?"

கிரைண்டரில் மாவு வாங்க நின்ற இரண்டு பெண்களும் சிரித்துவிட்டார்கள். நர்சும் சிரித்தார். பிறகு மகளின் பெயரைச் சொன்னார். அக்கா எங்கள் வீட்டைக் காட்டினார்.

நர்ஸ் திரும்பிப் பார்த்தார். நான் என் வாசலில் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் டேப்பைப் பார்த்தார், எங்கள் சுவரில் இருந்த வார்டு எண்ணைப் பார்த்தார். "அந்தப் பக்கம் என் ஏரியா இல்லம்மா. அது வேற வார்டு. அந்த நர்ஸ்தான் வரணும்" என்றார்.

"அந்த நர்ஸ் எங்க?"

"அவங்களும் பிரசவ லீவுல இருக்காங்க. இப்போ வேற ஒருத்தர் சேர்த்துப் பார்க்குறார். வீட்டுக்கு வர முடியாது. நீங்கதான் அந்த சென்டருக்குப் போகணும்."

அந்த சுகாதார நிலையம் எங்களுக்குத் தெரியும். கண்டெய்னர் லாரிகள் நிற்கிற சாலையில் ஷேர் ஆட்டோவில் போக வேண்டும். அந்தக் குழிகளில் நல்ல இடுப்பே கழன்றுவிடும். ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியை, அதுவும் பிரஷர் உள்ளவளை, வாரா வாரம் எப்படிக் கூட்டிப்போவது? இதை நர்சிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்படியே நின்றேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நர்சிடம் திரும்பினார்.

"இன்னாம்மா நீ, ஒண்ணும் புரியாம பேசற. பொண்ணு இங்கதான் தங்கிகினு கீது. அவங்கம்மா வூடு எதுர்ல, அவ்ளோதான். இப்ப அங்க காபி குடிக்கப் போயிருக்கா." சொல்லிவிட்டு எங்கள் வீட்டைப் பார்த்துச் சத்தம் போட்டார். "ஏய் பொண்ணே! காபி குடிச்சது போதும். உன் வூட்டுக்கு வா, நர்சம்மா வந்துகீறாங்க!"

என் மகள் உள்ளே படுத்திருந்தவள் எழுந்து வந்து என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சந்தைக் கடந்து போனாள். அக்கா கட்டிலில் இருந்த பருப்பு மூட்டையை இறக்கி வைத்து அவளை உட்கார வைத்தார். நர்ஸ் பிரஷர் பார்த்தார். மாத்திரை கொடுத்தார். உப்பைக் குறைக்கச் சொன்னார். டேப்பில் ஏதோ பதிந்துகொண்டு போனார்.

அன்றைக்கு அக்கா எனக்கு நன்றாகக் கொடுத்தார். "ஊமைக்கோட்டான் கணக்கா நிக்கிறியே, வாயில இன்னா கொழுக்கட்டையா? பொண்ணு உசுருடி." பிறகு அவரே, "சரி வுடு. அட்ரஸுல என் வூடு கீதுல்ல, பொண்ணும் என் வூட்ல இருக்கட்டும்" என்றார்.

அப்படித்தான் என் மகளுக்குத் தாய்வீடு எதிர்ப்பக்கம் மாறியது. முதலில் நர்ஸ் வருகிற நாளில் மட்டும் போய் உட்கார்ந்தாள். எந்த நாள் வருவார் என்று சொல்ல முடியாதபோது பகல் முழுக்க அங்கேயே இருந்தாள். நான் சமைத்ததை எடுத்துக்கொண்டு போவேன். கிரைண்டர் சத்தத்தில் அவளுக்குத் தூக்கம் நன்றாக வருகிறதாம். என் வீட்டில் மின்விசிறி சத்தத்துக்கே முழித்துக்கொள்கிறவள். சந்தில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். மாவு வாங்க வருகிறவர்கள், "இன்னா, மகாராணி இன்னைக்கு எந்த ஜில்லாவுல கீறாங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் நர்ஸ் முன்னால் அவள் அக்காவோடுதான் இருக்கிறாள் என்பது போலவே பேசினார்கள். ஒருவர்கூட வாய் தவறவில்லை. என் கணவர் கண்டெய்னர் யார்டில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர். அவர் மட்டும் ஒருநாள், "நம்ம பொண்ணைப் பாக்க நான் பர்மிஷன் வாங்கணுமா?" என்று கேட்டுவிட்டு, அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

எனக்கு ஒரு பயம் மட்டும் இருந்துகொண்டே இருந்தது. நர்சுக்கு உண்மை தெரிந்தால் வருவதை நிறுத்திவிடுவார். அப்புறம் யார் பார்ப்பார்கள்?

ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் காலையில் மகள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். இரவு எப்போதும் எங்களோடுதான் படுப்பாள். எழுந்ததும் தலை வலிக்கிறது என்றாள். கசாயம் வைத்தேன். குடித்ததை வாந்தி எடுத்தாள். முகம் உப்பியிருந்தது. கொஞ்சம் படு, பிறகு அக்கா வீட்டுக்குப் போகலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எதிரே நர்சின் குரல் கேட்டது.

அக்கா சமாளித்துக்கொண்டிருந்தார். "குளிச்சிகினு கீறாம்மா. செத்த நேரம் குந்து. மோர் குடிக்கிறியா?"

நான் மகளைத் தூக்கி நிறுத்தப் பார்த்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மா, கண்ணு மசமசன்னு இருக்குது. உன் மூஞ்சி சரியாத் தெரியல" என்றாள்.

மணலியில் அந்த நர்ஸ் சொன்னது எல்லாம் வரிசையாக என் முன்னால் நின்றது. அவளைப் பாயில் சாய்த்துவிட்டு நான் வெளியே ஓடினேன். சந்தின் நடுவில் நின்று நான் சத்தம் போட்டுப் பேசியது என் நினைவில் அது ஒன்றுதான்.

"அம்மா, அவ குளிக்கல. எங்க வீட்லதான் இருக்கா. கண்ணு தெரியலன்றா. எழுந்து வர முடியல. நீங்க வாங்கம்மா."

அக்கா கையில் மோர் டம்ளரோடு அப்படியே நின்றார். நர்ஸ் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்குள் வந்தார். பிரஷர் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். காலை அழுத்திப் பார்த்தார், விரல் பதிந்த குழி அப்படியே இருந்தது. பிரஷர் எவ்வளவு என்று எனக்குச் சொல்லவில்லை. போனை எடுத்து 108-க்கு அடித்து, சொல்ல வேண்டியதை வேகமாகச் சொல்லி, மகளை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்துக்கொண்டே போனை என்னிடம் நீட்டினார்.

"அட்ரஸ் கேக்குறாங்க. சொல்லுங்கம்மா. சரியா சொல்லுங்க."

கதவு எண் சொன்னேன். சந்து சொன்னேன். எந்த ஏரியா என்று அந்தப் பக்கத்தில் ஒரு பெண் கேட்டாள். நான் எண்ணூர் என்றேன். எந்த வழியாக வர வேண்டும் என்று கேட்டாள். சந்தின் எண்ணூர்ப் பக்கத்து முனையின் அடையாளத்தைச் சொன்னேன். தெளிவாகச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அவள் திருப்பிக் கேட்கவில்லை.

வண்டி எண்ணூர் பக்கமாகவே வந்தது. அன்றைக்குத் திருவொற்றியூர்ப் பக்கத்து முனையில் கண்டெய்னர் லாரிகள் அடைத்து நின்றன என்று பிறகு அக்கா சொன்னார். பழக்கத்தில் 19 என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதில்லை. யோசிக்க ஆரம்பித்தால் சாப்பாடு இறங்காது.

நர்சும் வண்டியில் ஏறினார். அது அவர் வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். ராயபுரத்துப் பிரசவ ஆஸ்பத்திரி வாசல் வரை என் மகளின் கையில் ஏற்றிய ஊசிக் குழாயைப் பிடித்துக்கொண்டே வந்தார். அக்கா மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பின்னாலேயே ஆட்டோவில் வந்து சேர்ந்தார். கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்தாரா என்று கேட்டேன். "யாராச்சும் நிறுத்துவாங்க வுடு. மாவு போனா போவுது" என்றார். ஜபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். என் கணவரும் மருமகனும் வந்து சேர்வதற்கு முன்பே ஆபரேஷன் முடிந்துவிட்டது. பெண் குழந்தை. எடை கொஞ்சம் குறைவு, ஆனால் அழுகை நன்றாக இருந்தது. மகளின் பிரஷர் இறங்க மேலும் சில நாள் ஆனது. இறங்கியது. கண் பார்வை திரும்பியது. அவள் முதலில் என் முகத்தைப் பார்த்து, "மா, உன் பொட்டு கோணலா இருக்கு" என்றாள். நான் அழுதேன்.

அந்த நர்ஸ் ஆஸ்பத்திரி வார்டுக்கு வந்து பார்த்தபோது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அக்கா வீட்டில் இருக்கிறாள் என்று சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் சிரித்தார். "முதல் நாளே தெரியும்மா. பொண்ணு செருப்பு உங்க வாசல்ல கிடந்தது. அந்த அக்கா வீட்டுக்கு வெறுங்காலோட வந்தா."

"அப்புறம் ஏம்மா சொல்லல?"

"சொன்னா நான் வரக் கூடாதே" என்றார். குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த வார்டில் இன்னொரு பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று போய்விட்டார்.

வீட்டுக்குத் திரும்பிய நாளில் ஆட்டோ சந்துக்குள் வந்து நின்றது. நான் முன்னால் இறங்கிக் கதவைத் திறந்து, ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மகள் குழந்தையோடு இறங்கினாள். என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி அக்கா வீட்டுக்குள் போய், அந்தக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பிரசவத்துக்குப் பிறகும் நர்ஸ் வந்து பார்க்க வேண்டும், அவர் வருகிற வீடு அதுதானே என்று காரணம் சொன்னாள். காரணம் சரிதான். ஆனால் அவள் அதை யோசித்துப் போனது மாதிரி எனக்குத் தெரியவில்லை. கால் தானாகப் போனது.

ஒரு நொடி எனக்கு மனசு சுருக்கென்றது. பெற்றவள் நான், ஆரத்தித் தட்டோடு இந்தப் பக்கம் நிற்கிறேன். அக்கா அதைக் கவனித்துவிட்டார்.

"இன்னாடி முழிக்கிற? தட்டை எடுத்துகினு இங்க வா. இதுவும் உன் வூடுதான்."

நான் போனேன். ஆரத்தி எடுத்து, கரைத்ததைச் சந்தின் நடுவில் கொட்டினேன். பெருக்குகிறவர்கள் இரண்டு பேருமே அதை மறுநாள் தொடவில்லை, அதுவாகக் காய்ந்தது. அந்த மாதம் முழுக்கப் பத்தியச் சாப்பாட்டை என் அடுப்பில் ஆக்கி, தட்டால் மூடி, மூன்று வேளையும் எதிர்ப்பக்கம் எடுத்துப்போனேன். அக்கா மகளுக்குத் தலைக்கு ஊற்றுவார். நான் குழந்தைக்குக் காலில் போட்டு ஊற்றுவேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும், குழந்தை அதிலேயே தூங்கும்.

மகள் மணலிக்குத் திரும்பிப் போனபோது இரண்டு வாசலிலும் நின்று விடைபெற்றாள். எங்கள் வாசலில் கொஞ்ச நேரம், அங்கே கொஞ்சம் அதிக நேரம். இப்போது அதில் எனக்கு வருத்தம் இல்லை. என் பிள்ளைக்கு என்னைத் தவிர இன்னொரு வீடும் திறந்திருந்தது என்பதை நினைக்கும்போது மனசு நிறைந்துவிடுகிறது. குழந்தை இப்போது தவழ்கிறது. இங்கே வந்தால் என் வீட்டுப் படியிறங்கி, நேராக அந்தச் சத்தம் வருகிற பக்கம் போகப் பார்க்கிறது. ஆட்டோ வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, நானே தூக்கிக்கொண்டு போய் அக்காவின் மடியில் விடுகிறேன்.